தெருவில் யாருக்கும் தெரியாத பெண்

அக்காவைக் கட்டிக்கொண்டு முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாமா உட்காரக்கூட இல்லை. நேராகப் பின்கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார்.

"இதை யாரு மாட்டினது?"

"எங்க அப்பாதான் மாமா."

"உங்க அப்பாவுக்குத் திருடன் யாராவது சிநேகிதமா?"

அக்கா வாழ்நாள் முழுக்கத் தலையில் அடித்துக்கொள்ளப் போகிறாள் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அப்படியேதான் நடந்தது.

மாமாவுக்குத் தொழில் பூட்டு ரிப்பேர், சாவி வெட்டுவது. வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மேஜை, அதன்மேல் சாவி வெட்டும் மெஷின், நாலைந்து அரம், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள். தெருவே அவரைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடும். யாராவது சாவியை நீட்டி இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று கேட்டால், வேறு கடைக்காரன் வெட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பான். மாமா அப்படிச் செய்யமாட்டார். கடையை அடைத்துவிட்டு, வந்தவரோடு அவர் வீட்டு வாசல் வரை நடந்து போவார். அந்தச் சாவி அந்தக் கதவைத் திறக்கிறதா, உள்ளே இருப்பவர்கள் இந்த ஆளைப் பார்த்து மிரளாமல் இருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் மெஷினை ஓட்டுவார். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு பாதி வழியிலேயே திரும்பிவிடுவார்கள். "பார்த்தியா, போயிட்டான்! அப்பவே நினைச்சேன்" என்பார் மாமா.

சாவியைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கட்டைவிரலால் தடவித்தான் பார்ப்பார். பூட்டோடு கம்பெனியில் வந்ததா, பிறகு கடையில் வெட்டியதா என்று ஒரே தடவலில் சொல்லிவிடுவார். அதில் அவர் ஏமாந்து நான் பார்த்ததில்லை. மனிதர்களையும் அதே மாதிரிதான் எடைபோடுவார்.

நான் ஒரு துணி ஃபேக்டரியில் வேன் ஓட்டுகிறேன். காலையில் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் விட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து இறக்குவேன். ரோட்டில் போகிற வருகிற எல்லோரோடும் சண்டை போட்டே வளர்ந்த வாய் என்னுடையது. அந்த வாயையே மாமா அடைத்துவிடுவார். "சாப்பிட்டீங்களா மாமா?" என்றால் "எதுக்குக் கேக்கற?" என்பார். இதற்கு மேல் மனுஷி என்னத்தைப் பேசுவாள்?

இவருக்கு ஒரே பெண். பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டே பழகிவிட்டோம். பாப்பா இப்போது வாசற்படியில் தலை குனிந்துதான் உள்ளே வரவேண்டும், அவ்வளவு உயரம். ஒரு பார்சல் கம்பெனியில் பெட்டி பிரிக்கிற வேலை. விடிந்தும் விடியாததுமாக எழுந்து மைதானத்தில் ஓடிவிட்டு வேலைக்குப் போவாள். ராணுவத்தில் சேரவேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்று சொன்னால் போதாது, பிடிவாதம். முதல் தடவை ஓட்டத்தில் கணுக்கால் பிசகிக்கொண்டது. இரண்டாம் தடவை காதில் சீழ் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"இந்தத் தடவையும் விட்டா வயசு தாண்டிடும் சித்தி. அப்புறம் அந்த கேட் பக்கம்கூட நிக்க விடமாட்டாங்க" என்றாள் என்னிடம்.

மாமா நேரடியாகப் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பதிலாக விசாரிக்கத் தொடங்கினார். பெரிய ரோட்டில் இருக்கும் பேங்க் வாசலில் காவலுக்கு நிற்பவர் பழைய பட்டாளத்துக்காரர். மாமா தினமும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அவர் எதிரில் போய் நின்றுகொள்வார். ஒருநாள் நான் வேனை நிறுத்திவிட்டுப் பணம் எடுக்கப் போனபோது அந்தக் கண்றாவியை நேரிலேயே பார்த்தேன்.

"ஓடச் சொல்வாங்க, தாண்டச் சொல்வாங்க. அது முடிஞ்சா டாக்டர். பல்லை எண்ணுவாங்க" என்றார் காவலாளி.

"பல்லை எதுக்கு எண்ணணும்?"

"கடிச்சுத் திங்கணும்ல."

"அவ்வளவு கடினமா என்னத்தைப் போடறாங்க?"

காவலாளி என்னைப் பார்த்தார். நான் எங்கேயோ பார்த்தேன்.

"கலர் கலரா புள்ளி காட்டி உள்ள என்ன நம்பர்னு கேப்பாங்க. காலை நனைச்சுத் தரையில வைக்கச் சொல்லி உள்ளங்கால் தட்டையான்னு பார்ப்பாங்க" என்று அவர் தொடர்ந்தார்.

"சரி, எல்லாம் பாஸு. உள்ள போயாச்சு. அப்புறம்?"

"போனை வாங்கி வச்சுப்பாங்க. முடியை வெட்டிடுவாங்க. இருட்டோட விசில் அடிப்பாங்க. ஒருத்தரோட படுக்கை விரிப்புல ஒரு சுருக்கம் இருந்தாலும் மொத்தப் பேரும் ஓடணும். கொஞ்ச காலத்துக்குத் திட்டைத் தவிர வேற எதுவும் காதுல விழாது. எல்லாரும் அழுவாங்க. நானும் அழுதேன். அப்புறம் பழகிடும் சார்."

"எப்படிப் பழகும்?"

"எல்லாரும் சேர்ந்துதானே அழறோம்."

"நடுவுல பிடிக்கலைன்னா வீட்டுக்கு வந்துடலாமா?"

"ஆரம்பத்துல கேட்டுப் பார்க்கலாம். கையெழுத்துப் போட்டு உறுதிமொழி எடுத்தாச்சுன்னா கஷ்டம்."

"சண்டைன்னு ஒண்ணு வந்தா?"

காவலாளி துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டார். "அதுக்குத்தானே சார் எடுக்கறாங்க" என்றார்.

அன்று சாயங்காலம் மாமா சிமெண்ட் தரையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, பாப்பாவைக் காலை நனைத்துக் காய்ந்த இடத்தில் மிதிக்கச் சொன்னார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த ஈரச் சுவட்டைச் சாவியைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். "வளைவு இருக்கு" என்றார். பெண்ணுக்குக் கால் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவரின் முகமாகவே அது இல்லை. எனக்கு அப்போதே சுருக்கென்றது.

காவலாளியோடு விட்டாரா என்றால் இல்லை. பஸ்ஸில் மொட்டையடித்த வாலிபன் யாரைப் பார்த்தாலும் லீவில் வந்த சிப்பாயா என்று கேட்டார். ஆளுக்கு ஒன்று சொன்னால், "பொய். அதான் மாத்தி மாத்திச் சொல்றாங்க" என்றார். எல்லோரும் ஒன்றையே சொன்னால், "பார்த்தியா, சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்காங்க" என்றார். அக்கா அரிசி களைந்துகொண்டே, "கடவுளே நேர்ல வந்தாலும் இந்த மனுஷன் அடையாள அட்டை கேப்பாரு" என்றாள்.

பாப்பா இந்த முறை ஓட்டத்தில் தேறிவிட்டாள். கண், காது, பல், கால் எல்லாம் சரி. கடைசியாக ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற ஆபீசுக்கு நான்தான் அப்பனையும் மகளையும் வேனில் கூட்டிப்போனேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்: "இனிமே விசாரணை மட்டும்தான் பாக்கி. உங்க தெருவுக்கு எங்க ஆள் வருவார். சாதாரண உடுப்புலதான் வருவார், கேட்டா கார்டு காட்டுவார். இந்தப் பொண்ணு அந்த வீட்லதான் இருக்காளா, எப்படிப்பட்டவன்னு வீட்லயும் அக்கம்பக்கத்துலயும் கேப்பார். சரியா இருந்தா கூப்பிட்டுக்குவோம்."

திரும்பி வரும்போது பாப்பா முன்சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாள். பின்னால் இருந்து மாமாவின் குரல்: "சாதாரண உடுப்புல வர்றவன் நிஜமான ஆளான்னு எப்படித் தெரியும்? எந்தெந்த வீட்ல பொண்ணு செலக்ட் ஆயிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு எவனாவது வந்தா?"

"ஐயோ மாமா, வண்டி ஓட்ட விடுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து இறங்கியவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தெருவைச் சுற்றக் கிளம்பினார். இஸ்திரிக்காரர், முட்டைக்கடைக்காரம்மா, எதிர்வீடு, மாடிவீடு, ஒருத்தரையும் விடவில்லை. "யாராவது வந்து பாப்பாவைப் பத்திக் கேட்டா வாயைத் திறக்காதீங்க. தெரியாதுன்னுடுங்க. என்கிட்ட அனுப்புங்க. நான் பார்த்துக்கறேன்." இவர் பேச்சைத் தெரு கேட்கும். கேஸ் அடுப்பைச் சோதிக்க வந்தேன் என்று வீடு வீடாக ஏறி நகையை அள்ளிக்கொண்டு போகப் பார்த்த ஒருவனை முன்பு மாமாதான் பிடித்துக்கொடுத்தார். அதிலிருந்து அவர் சந்தேகப்பட்டால் அதில் ஏதோ இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

ஆள் வந்தார். நான் ஃபேக்டரியில் இருந்தேன், பாப்பா வேலைக்குப் போயிருந்தாள், அக்கா மார்க்கெட்டில். சாயங்காலம் நான் தெருவுக்குள் வண்டியைத் திருப்பும்போதே இஸ்திரிக்காரர் கையை ஆட்டி நிறுத்தினார். மனிதருக்கு வாயெல்லாம் பல்.

"வந்தான்மா ஒருத்தன், கோடுபோட்ட சட்டை. பாப்பாவைக் கேட்டான். அப்படி ஒரு பொண்ணு இந்தத் தெருவுலயே இல்லைன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

முட்டைக்கடைக்காரம்மா விடுவாளா? "நான் ஒருபடி மேல போயிட்டேன். சாவிக்காரருக்குப் பிள்ளையே கிடையாதுன்னுட்டேன்!"

வண்டியை அப்படியே நடுத்தெருவில் விட்டுவிட்டுக் கடைக்குள் ஓடினேன். மாமா ஒரு பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, வந்தவர் கார்டு காட்டினாரா?"

"காட்டினான். போலி."

"என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"அவ இங்க இல்லை, வீட்டை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சுன்னு சொன்னேன்" என்றார், பூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சில நாளில் பாப்பாவின் போனுக்குச் செய்தி வந்தது. கொடுத்த முகவரியில் அவள் வசிக்கவில்லை என்று தெரியவருவதால் சேர்க்கை நிறுத்தி வைக்கப்படுகிறதாம். அதைப் படித்துவிட்டு அவள் கத்துவாள், எதையாவது தூக்கிப் போடுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் வீட்டைப் பெயர்த்திருப்பேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு அப்பன் எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கார்டைக் கையில வாங்கிப் பார்த்தியாப்பா?"

"பார்த்தேன்."

"தடவிப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"போலின்னு நிஜமாவே நினைச்சியா?"

"அதான் சொல்றேன்ல."

"உன்னை ஏமாத்தற மாதிரி ஒரு போலியை இதுவரைக்கும் எவனாவது செஞ்சிருக்கானா?"

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "என்னங்க, அவ என்ன கேக்கறா?" என்றாள். மாமா அரத்தைத் துடைத்தார். துடைத்த அரத்தையே மறுபடி துடைத்தார்.

"சத்தியமா தெரியாது" என்றார்.

"நான் நம்பலை" என்றாள் பாப்பா. யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படு என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பெண். இப்போது அவரையே சந்தேகப்படுகிறாள். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை.

நான் சும்மா இருப்பேனா? ஃபேக்டரியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வேனை எடுத்துவந்து தெருவில் நிறுத்தினேன். "தெரியாதுன்னு சொன்ன மகராசனுங்க எல்லாம் ஏறுங்க" என்றேன். இஸ்திரிக்காரர் ஏறினார். முட்டைக்கடைக்காரம்மா அழுதுகொண்டே ஏறினாள். எதிர்வீடு, மாடிவீடு, அக்கா, பாப்பா. மாமா கடைசி சீட்டில் ஒடுங்கிக்கொண்டார்.

விசாரணை அதிகாரி என்பவர் அதே ஆபீசில் ஒரு குறுகலான அறையில் உட்கார்ந்திருந்தார். ஃபேன் சத்தம்தான் காற்றைவிட அதிகம். ஓரத்தில், சுவரோடு சுவராக, கோடுபோட்ட சட்டைக்காரர் நின்றார். தலை கவிழ்ந்திருந்ததைப் பார்த்தால் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்ன அதே ஆளுங்க இன்னிக்குத் தெரியும்னு சொல்றீங்க. நான் எதை நம்பறது?" என்றார் அதிகாரி.

அவர் மாமாவைப் பார்த்தார். "நீங்கதானே அப்பா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்க ஆள் கார்டு காட்டினாரா? காட்டலைன்னா தப்பு அவர் மேல. அவரை நான் பார்த்துக்கறேன், உங்க பொண்ணுக்கு வேற ஆளை அனுப்பறேன். காட்டியும் நீங்க இப்படிச் சொல்லியிருந்தா, பொண்ணைப் பத்தி எதையோ மறைக்கறீங்கன்னுதான் நான் எடுத்துக்கணும்."

அப்பாடா, வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். காட்டலை என்று ஒரு வார்த்தை போதும். இஸ்திரிக்காரர் மாமாவின் முழங்கையை இடிக்கிறார். முட்டைக்கடைக்காரம்மா கண்ணாலேயே கெஞ்சுகிறாள். கோடுபோட்ட சட்டைக்காரர் தலையே நிமிரவில்லை. பாப்பா மட்டும் அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காட்டினார் சார்" என்றார் மாமா.

சண்டாளா என்று எனக்கு வாய் வரை வந்துவிட்டது. இந்த மனிதர் இங்கே வந்தும் கவிழ்க்கப் பார்க்கிறாரோ என்றுதான் தோன்றியது. அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கையில கொடுத்தார். தடவிப் பார்த்தேன். அசல்னு தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்." மாமா மேஜை விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். "பொண்ணு மேல ஒரு குறையும் இல்லை சார். அவ போகக்கூடாதுன்னு எனக்கு. வேணாம்னு அவகிட்ட சொல்ல தைரியம் இல்லை, சொன்னா கேக்கவும் மாட்டா. இவர் வந்து நின்னாரு. இவர்கிட்ட சொன்னா போதும்னு தோணிச்சு, சொல்லிட்டேன். அதுக்கு முன்னாடி தெருவுல சொல்லி வச்சதுகூட அதுக்குத்தானோன்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். பிறகு பாப்பாவிடம், "நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

"அவர் இப்ப சொல்றது நிஜம் சார்" என்றாள். கண் நிரம்பியிருந்தது. கோபமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி கோடுபோட்ட சட்டைக்காரரை வெளியே போகச் சொன்னார். அவர் போகும்போது மாமாவைக் கும்பிடுவதா முறைப்பதா என்று தெரியாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். "அப்பனைப் பத்தி விசாரிக்கறது எங்க வேலை இல்லை. வேற ஒருத்தர் வருவார். புதன்கிழமை. இந்தத் தடவை வீடும் தெருவும் என்ன சொல்லுதோ அதுதான் முடிவு. மூணாவது தடவை கிடையாது" என்றார் அதிகாரி.

திரும்பும்போது பாதி வழியில் வேனின் கடைசி சீட்டிலிருந்து மாமா, "அந்த ஆள் வர்ற அன்னிக்கு என்னை வீட்ல வச்சுக்காதீங்க" என்றார்.

பாப்பா திரும்பிப் பார்த்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "ஏன்?"

"என்னை நம்ப முடியாது பாப்பா. வாசல்ல அவரைப் பார்த்தா என் வாய்ல என்ன வரும்னு எனக்கே தெரியலை."

புதன்கிழமை அவரை என் வேனில் கூட்டிப்போனேன். பெண்களை ஃபேக்டரியில் இறக்கிவிட்டு, உள்ளே லாரிகள் நிற்கும் இடத்தில் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். மாமா தன் போனை எடுத்து என் மடியில் போட்டார். "நீயே வச்சுக்கோ. நான் கேட்டாலும் கொடுக்காத" என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போகிற வரைக்கும் கையில் வைத்திருந்தார். ஒருமுறை இறங்கி கேட் வரை வேகமாக நடந்தார். நானும் இறங்கினேன். அங்கே நின்றுவிட்டுத் தானாகவே திரும்பி வந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். அவரை எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் திட்ட வரவில்லை. பாவமாக இருந்தது.

மத்தியானம் என் போன் அடித்தது. பாப்பாதான். "அப்பாகிட்ட கொடு சித்தி." ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன்.

"முடிஞ்சுதுப்பா. வீட்ல அம்மா பேசினாங்க. தெருவுல எல்லாரும் நல்லபடியா சொன்னாங்க. முட்டைக்கடை அத்தை நான் பிறந்த கதை வரைக்கும் சொல்லிட்டாங்க. ஒரு குறையும் இல்லை, கூப்பிடுவாங்கன்னு சொல்லிட்டுப் போனார். நீ வீட்டுக்கு வா."

"ஆள் போயாச்சா?"

"போயிட்டார்."

"தெருவைத் தாண்டிட்டாரா? எட்டிப் பாரு."

"தாண்டிட்டார்ப்பா."

மாமா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பாப்பா, நீ போறது எனக்குப் பிடிக்கலை. கொஞ்சம்கூடப் பிடிக்கலை. பயத்துல எனக்குச் சோறு இறங்கலை" என்றார். கண்ணீர் தாடையில் இறங்கியது, துடைக்கவில்லை.

பாப்பா, "எனக்கும் பயமாத்தான்ப்பா இருக்கு" என்றாள். "முதல்லேருந்தே இருக்கு. உன்கிட்ட சொன்னா நீ அதையே பிடிச்சுக்கிட்டுப் போகவிடாம பண்ணிடுவேன்னு சொல்லலை."

மாமா ஜன்னலுக்கு வெளியே லாரியையும், பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரரையும் பார்த்தார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதை அங்க யார்கிட்டயும் சொல்லிடாத பாப்பா. உன்னை வேணாம்னு சொல்லிடப் போறாங்க."